அறிவித்த அளவும் உள்ள அளவும்: சீ மொழியின் ஈற்றணி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

மொழி வரலாற்றை ஆராய்வோர் பெருமாற்றங்களை மட்டும் நோக்கி அமைவதில்லை. ஓர் எழுத்தின் வடிவு மாறியமை, ஓர் ஈறு வழக்கொழிந்தமை, ஒரு குறியின் பொருள் திரிந்தமை ஆகிய சிறு செய்திகளிலிருந்தும் ஒரு காலத்தின் சிந்தனைப் போக்கினை அவர்கள் உய்த்துணர்வர். மனிதர் தம்முட் பேசும் மொழிக்குப் பொருந்தும் இம்முறை, கணினிக்கு ஆணையிடுதற்கென மனிதர் ஆக்கிக்கொண்ட மொழிகளுக்கும் பொருந்துவதாகும். அவற்றுக்கும் வழக்குண்டு, இலக்கணமுண்டு, அவ்விரண்டுக்கும் இடையே நெடுங்காலப் பிணக்கும் உண்டு.

அத்தகைய சிறு செய்தியொன்றே இக்கட்டுரையின் பொருள். கணினிக்கும் அதனோடு இணைந்த கருவிகளுக்கும் இடைநின்று பணிபுரியும் செய்நிரல்கள் ‘டிரைவர்’ அல்லது சாதன இயக்கி எனப்படும். சீ மொழியில் எழுதப்பட்ட இவ்வியக்கிகளில் [0] என்றும் [1] என்றும் பல்லாண்டுகளாக எழுதப்பட்டுவந்த ஓர் அறிவிப்பு, 2020 ஆம் ஆண்டு முதலாக [] என முறையாகத் திருத்தியெழுதப்பட்டு வருகின்றது. கண்ணுக்குப் புலனாகும் மாற்றம் ஓர் இலக்கம் நீங்குதல் மாத்திரமே. ஆயினும், இவ்வெழுத்துமுறைக்கு 1999 ஆம் ஆண்டின் நியமமே இடமளித்திருந்தது. இலக்கணம் இடமளித்த பின்னரும் வழக்கு மாறுவதற்கு இருபதாண்டு சென்றதேன்? ஓர் இலக்கத்தை நீக்குவதற்கு அத்துணை உழைப்பு வேண்டப்பட்டதேன்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோர், அறிவித்த அளவு உள்ள அளவோடு ஒவ்வாதபோது விளையும் கேடு யாது என்பதையும் உடன் அறிந்துகொள்வர்.

இது தொலைநாட்டு வல்லுநரின் உட்பூசல் என்று ஒதுக்கிவிடத்தக்க செய்தியன்று. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் யாவும் லினக்ஸ் கருவகத்தின் மீதே இயங்குகின்றன. றக்வானைக் கடைத்தெருவில் வணிகர் ஒருவர் கையிலும், அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழும் இளைஞர் கையிலும் இருக்கும் அத்தகைய கைப்பேசியின் தொடுதிரையும் கமராவும் வானலைத் தொடர்பும் இங்குப் பேசப்படும் சாதன இயக்கிகளாலேயே தொழிற்படுகின்றன. அவற்றின் காவல் யாதென வினவும் உரிமை நமக்கும் உண்டு.

ஈற்றணி என்பது யாது?

ஒரே வகைப் பொருள்கள் பல நினைவகத்தில் அடுத்தடுத்து வரிசையாக வைக்கப்படுவதை அணி என்பர். வெவ்வேறு வகைப் பொருள்கள் ஒரு பெயரின்கீழ்த் தொகுக்கப்படின் அது கட்டமைப்பு எனப்படும். ஒரு கட்டமைப்பின் இறுதி உறுப்பாக ஓர் அணி அமையுமாயின் அதனை வசதி கருதி ஈற்றணி என்போம்.

தோட்டத்துக் கணக்கேடு ஒன்றைக்கொண்டு இதனை விளக்கலாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எழுதப்படும் ஏட்டின் தலைப்பில் திகதி, மலையின் இலக்கம், அன்று அம்மலையில் வேலைசெய்தோர் தொகை ஆகியன குறிக்கப்படுவதாகக் கொள்வோம். இவை என்றும் ஓரளவான இடத்தையே கொள்வன. அவற்றின்கீழ் ஒவ்வொருவரின் பதிவிலக்கமும் அவர் பறித்த கொழுந்தின் நிறையும் வரி வரியாக எழுதப்படும். இவ்வரிகளின் தொகை நாளுக்கு நாள் வேறுபடும். இன்று முப்பது, நாளை நாற்பத்திரண்டு. தலைப்பு நிலையானது, அதன்கீழ் வருவது நீள்வது. கணினியும் கருவியும் தம்முட் பரிமாறும் செய்திகளுட் பெரும்பாலன இவ்வடிவினவே. அண்மையிலுள்ள வானலை நிலையங்களின் பட்டியலை ஓர் இயக்கி பெறும்போது, முதலில் அவற்றின் தொகையும் பின்னர் ஒவ்வொன்றின் விபரமும் வந்துசேர்கின்றன. தொகை எத்துணையாகும் என்பதைச் செய்நிரல் எழுதுவோர் முன்கூட்டி அறியார்.

அங்ஙனமாயின் ஏட்டின் வடிவை அறிவிக்கும்போது ஈற்றிலுள்ள வரிசைக்கு எத்துணை வரிகள் உண்டென எழுதுவது? இவ்வெளிய வினாவே நாம் நோக்கும் வரலாற்றின் கரு.

அறிவித்த எல்லையைக் காத்தோர்

அணியொன்றின் எல்லையை மீறலாகாது என்னும் எண்ணம் பிற்காலத்தார் கண்டதன்று. இது பற்றி முதலிற் சிந்தித்தோருள் ஒருவரான டோனி ஹோர், 1934 இல் கொழும்பிற் பிறந்தவர். அவரின் தாயார் தேயிலைத் தோட்டத்துரை ஒருவரின் மகள் என்பது இந்நாட்டு வாசகர்க்குச் சுவை தரும் செய்தி. 1960 இல் இங்கிலாந்தின் எலியட் சகோதரர் நிறுவனத்திற் சேர்ந்த அவர், அல்கோல் 60 என்னும் மொழிக்கு அந்நிறுவனத்தின் கணினிகளுக்கென ஒரு தொகுப்பியை ஆக்கினார். மனிதர் எழுதும் செய்நிரலைப் பொறிக்குரிய ஆணைகளாக மாற்றுவதே தொகுப்பி. அணியின் ஓர் உறுப்பு சுட்டப்படுந்தோறும் அது அறிவித்த எல்லைக்குள் அமைகின்றதா என்று அவருடைய தொகுப்பி சோதித்தது. 1980 இல் டியூரிங் பரிசு பெற்றபோது நிகழ்த்திய உரையில் அவர் இதனை நினைவுகூர்ந்தார். வேகத்தின் பொருட்டு அச்சோதனையை நீக்கிவிட விருப்பமா என வாடிக்கையாளரை வினவியபோது, வேண்டாவென அவர்கள் ஒருமுகமாக மறுத்தனர் என்பது அவர் தந்த சான்று.

எனவே எல்லைச் சோதனை 1960களிலேயே இயலக்கூடியதாயிருந்தது. பயன்படுத்துவோரும் அதனை விரும்பினர். அங்ஙனமிருந்தும் அதற்குப் பின்னர்த் தோன்றி உலகின் கணினிகளை ஆண்ட சீ மொழி அச்சோதனையின்றி அமைந்தது. இதற்குக் காரணம் ஆக்கியோரின் அசட்டையென்று கூறிவிடின் வரலாற்றுக்கு நீதி செய்ததாகாது. அம்மொழி பிறந்த சூழலை நோக்குதல் வேண்டும்.

சீ மொழியின் தோற்றமும் ஒரு குறியின் பொருட்டிரிபும்

மார்ட்டின் றிச்சட்ஸ் 1967 அளவில் வடிவமைத்த பி.சி.பி.எல். என்னும் மொழியைச் சுருக்கி, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய கென் தொம்சன் பி என்னும் மொழியை ஆக்கினார். அதிலிருந்து 1971 முதல் 1973 வரையிலான காலத்தில் டெனிஸ் ரிச்சி சீ மொழியை உருவாக்கினார். இவ்வளர்ச்சியை அவரே 1993 இல் ஒரு வரலாற்றுக் கட்டுரையாக எழுதியுள்ளார்.

பி மொழியில் ஓர் அணியை அறிவித்தால் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. அணிக்குரிய இடம் ஒதுக்கப்பட்டது. அவ்விடத்தின் தொடக்கத்தைச் சுட்டும் முகவரி வேறொரு கலத்தில் எழுதிவைக்கப்பட்டது. கட்டமைப்புகளைப் புகுத்த ரிச்சி முயன்றபோது இம்முறை இடர்ப்பட்டது. யுனிக்ஸ் முறைமையில் வட்டிலுள்ள கோப்பகப் பதிவு ஒவ்வொன்றும் 16 பைட்டுகளைக் கொண்டது. 2 பைட்டுகள் கோப்பின் எண்ணுக்கும் 14 பைட்டுகள் அதன் பெயருக்கும் உரியன. பெயரை 14 எழுத்துகள் கொண்ட அணியாக அறிவித்தால், அதன் தொடக்கத்தைச் சுட்டும் கலத்தை எங்கு வைப்பது? வட்டிலுள்ள பதிவில் அதற்கு இடமில்லை.

ரிச்சி கண்ட தீர்வு எளிமையும் நுட்பமும் ஒருங்கே வாய்ந்தது. சுட்டும் கலத்தை அவர் நீக்கிவிட்டார். அணியின் பெயர் ஒரு தொடரில் வருந்தோறும் அதன் தொடக்க முகவரியைத் தொகுப்பி அவ்விடத்திலேயே ஆக்கிக்கொள்ளும் என விதித்தார். இதுவே முன்னைய மொழிகளிலிருந்து சீ மொழியைப் பிரித்த திருப்புமுனை என்பது அவர் துணிபு. இதனால் நினைவகத்திலுள்ள வடிவும் ஏட்டில் எழுதிய வடிவும் எழுத்துக்கு எழுத்து ஒத்தன. கருவியோடு நேரே பேசும் இயக்கிகளை எழுதுதற்கு இப்பண்பே அம்மொழியைத் தகுதியாக்கியது. 1973 இல் யுனிக்ஸ் கருவகமே சீ மொழியில் திருத்தியெழுதப்பட்டது.

ஆயின் இப்பேற்றுக்கு ஒரு விலையும் இருந்தது. அணியின் பெயர் தொடக்க முகவரியாகச் சுருங்கியவுடன் அதன் நீளம் மறக்கப்பட்டது. அணியைப் பெறும் செயற்கூறு அது எங்குத் தொடங்குகின்றது என்பதை அறியும். எங்கு முடிகின்றது என்பதை அறியாது.

இங்கு ஒரு குறியின் வரலாறும் நோக்கற்பாலது. சீ மொழியின் குழவிப் பருவத்தில், சதுர அடைப்புக்குள் எதுவும் எழுதாது விட்டால் அது சுட்டியையே குறித்தது. உடுக்குறியால் சுட்டியை உணர்த்தும் முறை பின்னர் வந்தது. செயற்கூறுகளின் உள்ளீடுகளை அறிவிக்கும் இடத்தில் பழைய பொருள் இன்றும் எச்சமாக நின்று நிலவுகின்றது. அதே வெற்றடைப்பு, ஏறத்தாழ மூன்று தசாப்தங்களின் பின்னர், நீளம் கூறப்படாத ஈற்றணியை உணர்த்தும் குறியாக மறுபிறவி எடுத்தது.

வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது

நீளும் ஏட்டை அறிவிப்பதற்குத் தொடக்கக் காலச் சீ மொழியில் விதி எதுவும் இருக்கவில்லை. தேவை மட்டும் இருந்தது. எனவே எழுதுவோர் தாமே ஒரு வழியைக் கண்டனர். ஈற்றணியில் ஓர் உறுப்பு மட்டுமே உண்டென [1] என அறிவித்துவிட்டு, நினைவகத்தைக் கேட்டுப் பெறும்போது வேண்டிய தொகைக்கு ஏற்ப மிகுதியாகப் பெற்றுக்கொண்டனர். ஏட்டில் ஒரு வரியே உண்டென முகப்பில் எழுதிவிட்டு உள்ளே முப்பது வரிகள் எழுதுவதை ஒக்கும் இது. ‘ஸ்ட்ரக்ட் ஹாக்’ என அழைக்கப்பட்ட இவ்வுத்தியை ரிச்சி உவந்து ஏற்றாரல்லர். மொழியைச் செயற்படுத்தும் தொகுப்பியோடு தகுதியற்ற உறவு கொண்டாடுதல் என்ற கருத்துப்பட அவர் கூறியதாக அறிகின்றோம். எனினும் அது எங்கும் தொழிற்பட்டது. ஆதலால் எங்கும் பரவியது.

1987 இல் முதன்முதல் வெளிவந்த குனூ தொகுப்பி இதற்கு வேறொரு வடிவம் தந்தது. ஈற்றணியை [0] என அறிவிக்கலாம் என அது இசைந்தது. ஒன்றெனப் பொய் கூறுவதினும் சுழியம் எனக் கூறுவது கணக்குக்கு வசதியாயிருந்தது. கட்டமைப்பின் அளவு தலைப்பின் அளவாகவே நின்றது. ஆயினும் 1989 இல் நிறைவேறிய முதலாவது நியமம் சுழிய நீள அணியை ஏற்கவில்லை. இவ்வாறு [1] என்பது நியமத்துக்கு உடன்பட்ட தோற்றமும் உடன்படாத பயனும் உடையதாயிருக்க, [0] என்பது ஒரு தொகுப்பிக் குடும்பத்தின் வட்டார வழக்காக நிலவியது.

1999 ஆம் ஆண்டின் நியமமே வழக்குக்கு இலக்கணம் வகுத்தது. கட்டமைப்பின் ஈற்றுறுப்பாக, அதற்கு முன் வேறோர் உறுப்பேனும் இருக்குமிடத்து, நீளம் கூறாத அணியை [] என அறிவிக்கலாம் என்றது அது. இவ்வடிவுக்கு ஒரு சிறப்பு உண்டு. [1] ஒரு தவறான எண்ணைக் கூறுகின்றது; [0] வேறொரு தவறான எண்ணைக் கூறுகின்றது; [] எண் எதனையும் கூறாது விடுகின்றது. அறியாததை அறியாதது எனக் கூறும் நேர்மை அதற்கு உண்டு.

அந்நேர்மையின் பயன் நடைமுறையில் வெளிப்படையாகும். ஒரு பொருளின் அளவை வினவும் ‘சைஸ்ஓவ்’ என்னும் செயலியை [0] என அறிவித்த அணிக்குப் பயன்படுத்தினால், சுழியம் என்ற விடை ஓசையின்றிக் கிடைக்கும். அணி முழுவதையும் துடைக்குமாறு எழுதிய ஆணை எதனையும் துடையாது விடும், எழுதியவர் அறியார். [] என அறிவித்த அணிக்கு அதே வினாவை எழுப்பினால் தொகுப்பி அதனைப் பிழையென நிறுத்திவிடும். அவ்வாறே, ஈற்றில் நிற்கவேண்டிய அணி பின்னர் எவரேனும் புதிய உறுப்பைச் சேர்த்ததால் நடுவே அகப்பட்டுக்கொள்ளுமாயின், [0] மௌனமாக ஏற்றுக்கொள்ளும், [] மறுத்துரைக்கும்.

ஒரு பொய் பல மெய்களை ஐயத்துக்குள்ளாக்கியமை

இதுவரை கூறியவற்றால், பழைய வடிவங்கள் அழகற்றவை எனினும் பெருங்கேடற்றவை என ஒருவர் கருதலாம். மெய்யான கேடு பிறிதோரிடத்திலிருந்து வந்தது.

1988 நவம்பரில் மொரிஸ் புழு என்னும் செய்நிரல் அக்கால இணையத்திலிருந்த கணினிகள் பலவற்றை முடக்கியது. அது பரவிய வழிகளுள் ஒன்று, பயனர் விபரம் கூறும் ‘ஃபிங்கர்’ சேவையின் குறைபாடாகும். வரும் செய்தியை 512 பைட்டு இடத்தில் எழுதிய அச்சேவை, செய்தியின் நீளத்தைச் சோதிக்கவில்லை. நீளத்தைப் பாராது உள்ளீட்டைப் பெறும் ‘கெட்ஸ்’ என்னும் செயற்கூறே அதற்குக் காரணம். 2011 ஆம் ஆண்டின் நியமத்தில் அச்செயற்கூறு மொழியிலிருந்தே நீக்கப்பட்டது. எல்லையை மீறி எழுதுதல் செய்நிரலைச் சிதைப்பதோடு அமையாது. அந்நியர் உட்புகவும் வாயிலாகும் என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சிகளுள் இது முதன்மையானது.

இதன் பின்னர்த் தொகுப்பிகள் காவற்பணியையும் மேற்கொள்ளத் தலைப்பட்டன. ஒரு பொருளின் அறிவித்த அளவைத் தொகுப்பி அறியும் இடங்களில், அதற்கு மேல் எழுத முற்படும் ஆணையைத் தடுக்கும் முறைகள் தோன்றின. அத்தகைய காவலொன்று 2017 இல் லினக்ஸ் கருவகத்திலும் இடம்பெற்றது. ஆயின் ஈற்றணிகளிடத்து அது தடுமாறியது. [1] என ஒருவர் அறிவித்திருந்தால் அவர் கருதியது மெய்யாகவே ஒன்றா, அன்றிப் பலவா? தொகுப்பி அதனை அறியும் வகையில்லை. கேடு அத்தோடு நில்லாது பரவியது. 1983 இல் வெளியான பார்க்கிலி யுனிக்ஸ் 4.2 பதிப்பின் வலையமைப்பு முகவரிக் கட்டமைப்பில் ஈற்றணி [14] என அறிவிக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்த ஆறாம் பதிப்பு இணைய முகவரியோ தனித்தே 16 பைட்டுகள் கொண்டது. அதனைக் குறிக்கும் கட்டமைப்பும் பழைய பெயரின்கீழேயே கைமாற்றப்பட்டது. எனவே 14 என்ற எண்ணும் நம்பத்தக்கதன்று என்றாயிற்று.

இந்நிலையில் குனூ தொகுப்பி ஒரு முடிவுக்கு வந்தது: ஈற்றில் நிற்கும் அணி எதுவாயினும், அதற்கு எந்த எண் அறிவிக்கப்பட்டிருப்பினும், அதனை நீளக்கூடியதாகவே கொள்வது. இதன் விளைவை ஊன்றி நோக்குதல் வேண்டும். தன் ஈற்றணியில் மெய்யாகவே எட்டு உறுப்புகள் மட்டுமே உண்டென்று [8] என எழுதிய நேர்மையாளரின் செய்நிரலும் காவலை இழந்தது. சிலர் கூறிய பொய்யால் எல்லார் கூறிய மெய்யும் ஐயத்துக்குள்ளாயிற்று. பழைய வழக்கைத் திருத்தவேண்டிய தேவைக்குத் தலையாய காரணம் இதுவே.

திருத்தப் பணி

1991 இல் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவகம், காலப்போக்கில் கோடிக்கணக்கான வரிகளைக் கொண்டதாக வளர்ந்தது. அவ்வரிகளுட் பெரும்பகுதி சாதன இயக்கிகளுக்கே உரியது. 2015 இல் கீஸ் குக் என்பார் கருவகத்தைத் தற்காக்கும் திட்டமொன்றைத் தொடக்கிவைத்தார். தனித்தனிப் பிழைகளைத் தேடித் திருத்துவதோடு அமையாது, பிழைவகையையே வேரறுப்பது அதன் நோக்கம். அத்திட்டத்தில் ஈடுபட்ட குஸ்தாவோ சில்வா 2020 இல் ஈற்றணி அறிவிப்புகளைக் கருவகம் முழுவதிலும் திருத்தும் பணியை மேற்கொண்டார்.

[0] என்பதை [] என மாற்றுதல் பெரும்பாலும் எளிதாயிருந்தது. கட்டமைப்பின் அளவு மாறுவதில்லை. தொகுப்பி ஆக்கித்தரும் பொறியாணைகளைத் திருத்தத்தின் முன்னும் பின்னும் ஒப்பிட்டு வேறுபாடின்மையை நிறுவவும் முடிந்தது. செய்நிரலின் சொற்களை மட்டுமன்றி அமைப்பையும் நோக்கித் தேடித் திருத்தவல்ல கொக்சினெல் என்னும் கருவி இத்தகைய பணிகளுக்குத் துணைநின்றது. பிரான்சிலும் டென்மார்க்கிலும் பணியாற்றிய ஆய்வாளர் அதனை ஆக்கினர்.

[1] என்பதை மாற்றுதலே இடர் நிறைந்தது. முன்னர்க் கூறிய கொழுந்துக் கணக்கேட்டுக்கு மீள்வோம். தலைப்பு 8 பைட்டு, ஒவ்வொரு வரியும் 8 பைட்டு எனக் கொள்க. [1] என அறிவித்தால் கட்டமைப்பின் அளவு 16. முப்பது வரிகளுக்கு வேண்டிய இடத்தைக் கணிக்க, ஏற்கெனவே ஒன்று எண்ணப்பட்டமையால், 16 உடன் 29 வரிகளுக்குரிய 232 ஐக் கூட்டி 248 எனப் பெறுவர். [] என மாற்றியதும் கட்டமைப்பின் அளவு 8 ஆகும். கணிப்பையும் உடன் திருத்தி 8 உடன் 240 ஐக் கூட்டினால் அதே 248 கிடைக்கும். அறிவிப்பைத் திருத்தியவர் கணிப்பைத் திருத்த மறப்பின், 8 உடன் 232 சேர்ந்து 240 மட்டுமே பெறப்படும். முப்பதாவது வரி பிறர்க்குரிய இடத்தில் எழுதப்படும். காவலைப் பெறுதற்கெனச் செய்த திருத்தமே புதிய மீறலைப் பிறப்பிக்கும். எனவே அறிவிப்பொன்றை மாற்றுமுன் அக்கட்டமைப்பைப் பயன்படுத்தும் இடங்கள் அனைத்தையும் தேடி, ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தார்களா இல்லையா எனக் கண்டறிதல் வேண்டியதாயிற்று. இருபதாண்டுத் தாமதத்துக்கு விடை ஓரளவு இதனுள் அடங்கும். இலக்கணத்தைக் குழுவொன்று ஒருநாளில் நிறைவேற்றலாம். ஏடுகளை மனிதர் ஒவ்வொன்றாகப் படித்தே திருத்த முடியும்.

இக்கணிப்பில் இன்னொரு பொறியும் மறைந்திருந்தது. வரிகளின் தொகையைக் கூறுவது கருவியாகவோ வெளியாராகவோ இருக்கலாம். 32 இருமங்களில் கணிக்கும் பொறியில் 536,870,912 வரிகள் உண்டென ஒருவர் கூறுவாராயின், அதனை 8 ஆற் பெருக்கும்போது விடை பொறியின் எல்லையைக் கடந்து சுழியமாகிவிடும். தலைப்புக்குரிய 8 பைட்டு மட்டும் ஒதுக்கப்பட்டு, கோடிக்கணக்கான வரிகளை எழுத வழி திறக்கப்படும். இதனைத் தடுக்க 2018 இல் ‘ஸ்ட்ரக்ட் சைஸ்’ என்னும் கணிப்புமுறை கருவகத்திற் சேர்க்கப்பட்டது. பெருக்கம் எல்லை கடந்தால் அது இயலக்கூடிய மிகப்பெரிய எண்ணையே விடையாகத் தரும். அத்துணை இடம் கிடையாமையால் ஒதுக்கீடே நிகழாது, கேடும் நிகழாது. ஈற்றணிகளின் அறிவிப்பு ஒழுங்காகும்போது இம்முறையைப் பயன்படுத்தலும் எளிதாகும்.

விதிவிலக்குகளும் இருந்தன. 1999 ஆம் ஆண்டின் நியமம் [] என்பதை, ஒரே இடத்தைப் பல உறுப்புகள் பங்கிடும் ‘யூனியன்’ அமைப்பில் நேரே ஏற்பதில்லை. இதற்கெனக் கருவகத்தார் 2021 இல் தனி உத்தியொன்றை வகுத்தனர். கருவகமும் வெளிச் செய்நிரல்களும் பொதுவாகப் பயன்படுத்தும் தலைப்புக் கோப்புகளிலோ, தாம் அறியாத பிறரின் செய்நிரல்களையும் கருதவேண்டியிருந்தது. சீ பிளஸ் பிளஸ் மொழியின் நியமத்தில் இவ்வறிவிப்பு இல்லாமையால் அங்குப் பழைய [0] வடிவை முற்றாகக் கைவிட இயலவில்லை.

2023 இல் வெளிவந்த குனூ தொகுப்பியின் 13 ஆம் பதிப்பும், கிளாங் தொகுப்பியின் 16 ஆம் பதிப்பும், [] என அறிவித்ததை மட்டுமே நீளும் ஈற்றணியாகக் கொள்ளுமாறு பணிக்கும் வசதியைத் தந்தன. அவ்வாண்டிலேயே லினக்ஸ் 6.5 பதிப்பு அவ்வசதியை மேற்கொண்டது. அன்று முதல் அக்கருவகத்தில் [8] என்பது எட்டு என்றே பொருள்படலாயிற்று. இழந்த மெய்ம்மை மீட்கப்பட்டது.

மௌனத்திலிருந்து உறுதிமொழிக்கு

அறியாததைக் கூறாது விடுதல் நேர்மையே எனினும், அது காவலுக்குப் போதுமானதன்று. ஈற்றணியின் நீளம் அறிவிப்பில் இல்லாதிருப்பினும் ஏட்டின் தலைப்பில் உண்டன்றோ? அத்தலைப்பிலுள்ள தொகையே இவ்வரிசையின் எல்லை எனத் தொகுப்பிக்கு எடுத்துரைக்கும் அடையாளமொன்று அடுத்து உருவாயிற்று. ‘கவுண்டட் பை’ எனப்படும் இதனைக் கருவகத்தார் 2023 முதல் எழுதத் தொடங்கினர். கிளாங் 2024 இலும் குனூ தொகுப்பி 2025 இலும் தத்தம் வெளியீடுகளில் இதனை ஏற்றன. இவ்வடையாளம் இருக்குமாயின், முப்பது வரியுள்ள ஏட்டில் முப்பத்தோராவது வரியைத் தொட முயலும் செயலை இயக்க வேளையிலேயே தடுக்கலாம். இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: வரிகளை எழுதப் புகுமுன் தொகை எழுதப்பட்டிருத்தல் வேண்டும். தொகையை இறுதியிற் குறித்துக்கொள்ளும் பழக்கமுடைய பழைய இயக்கிகள் தம் ஒழுங்கையும் மாற்றவேண்டியனவாயின.

இவ்வாறு நோக்குமிடத்து, கொழும்பிற் பிறந்த ஹோர் 1960களில் எலியட் கணினிகளில் நிலைநாட்டிய கொள்கைக்கே சீ மொழி நீண்ட வழி சுற்றி வந்து சேர்ந்துள்ளது எனலாம். ஆயின் அச்சுற்று வீணன்று. எல்லையை மொழியின் இறுக்கமான பகுதியாக்கினால் வேறு இடர்கள் உண்டு. பாஸ்கல் மொழியில் அணியின் நீளம் அதன் வகையின் கூறாகவே அமைந்தமையால், பல நீள அணிகளுக்குப் பொதுவான ஒரு செயற்கூற்றை எழுதுதல் அரிதாயிற்று என்று பிரையன் கேர்னிகன் 1981 இல் சுட்டிக்காட்டினார். நெகிழ்ச்சியும் காவலும் ஒருங்கே வேண்டுவோர்க்கு, நீளத்தை மறைக்காமலும் முன்கூட்டிப் பொய்யாகக் கூறாமலும், அது எங்குப் பதியப்பட்டுள்ளது என்பதை அறிவித்தலே வழியாக அமைந்தது.

முடிவுரை

அறிவித்த எண்ணும் உள்ள எண்ணும் ஒவ்வாமையின் விளைவை மலையகத் தமிழர் வேறோர் ஏட்டில் அறிந்தவர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர், சபரகமுவைத் தோட்டங்களில் வாழ்ந்தோர் உட்பட இந்திய வம்சாவளித் தமிழருட் பெரும்பான்மையோர் நாட்டின் குடிகளாக எண்ணப்படாதவராயினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை 525,000 என்றும் 300,000 என்றும் பகுத்து, 150,000 பேரைப் பின்னர் முடிவுசெய்ய விட்டது. அவர்களும் 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். மக்கள் தாம் விரும்பி விண்ணப்பித்த தொகைகளோ இவ்வறிவிப்புகளோடு ஒத்தனவல்ல. 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை அவ்வேடு திருத்தப்பட்டுக்கொண்டே வந்தது. மனிதர் பட்ட துயரையும் நினைவகத்தின் துணுக்கையும் ஒரு தட்டில் வைத்தல் தகாது. ஆயினும் ஏட்டின் முகப்பிற் சுழியம் எனப் பொறிப்பதால் உள்ளிருப்போர் இல்லாதவராகிவிடார் என்பதும், பொய்யெண்ணின் சுமையை எழுதியவரல்லாத பிறரே சுமக்கின்றனர் என்பதும் இரண்டிடத்தும் உண்மை.

ஈற்றணியின் வரலாறு மாணவர்க்கு மூன்று செய்திகளை உணர்த்துகின்றது. இலக்கணம் வாய் திறவாத இடத்தில் வழக்கு தனக்கென வழி காணும். அவ்வழி தொழிற்படுவதனாலேயே சரியானதாகிவிடாது. அறிவிப்பு என்பது எழுதுவோர் தமக்கு எழுதிக்கொள்ளும் குறிப்பன்று. பின்னர்ப் படிப்போர்க்கும் காப்போர்க்கும் அளிக்கும் வாக்குறுதி. விதி பிறந்தவுடன் திருத்தம் நிகழ்வதில்லை. பழைய வரிகளை ஒவ்வொன்றாகப் பொறுமையோடு படித்து, ஒன்றைக் கழித்தார்களா எனக் கேட்கும் மனிதர் வேண்டும். நம் பல்கலைக்கழகங்களிற் கணினியியல் பயிலும் தமிழ் மாணவர் பலர். இக்கருவகத்தின் மூலவரிகள் எவரும் படிக்கத் திறந்துகிடக்கின்றன. அவற்றைப் படிப்பதற்குப் பெருநகரத்துப் பிறப்பு வேண்டுவதில்லை. றக்வானையிலிருந்தும் படிக்கலாம், திருத்தத்தையும் அனுப்பலாம். [0] எனக் காணுமிடத்து, உள்ளே எத்துணை உண்டு என்று வினவும் பழக்கமே அதற்கு முதற்றகுதி.